கேளுங்க சொல்றேன்: சேவ் ஆச்சு, ஈவென்ட் எங்க போச்சு?

ஜாவாஸ்கிரிப்ட்ல டேட்டாபேஸ் மாடல் (டேட்டாபேஸ்ல இருக்கறதைக் கோட்ல கையாள்ற ஆப்ஜெக்ட்), ஈவென்ட் லிஸனர் (ஒரு விஷயம் நடந்ததும் ஓடற ஃபங்ஷன்) ரெண்டும் சேர்ற இடத்துல வர்ற குழப்பம் பத்தி நிறைய பேர் எழுதியிருந்தீங்க. ஒரே மாதிரி இருந்த கேள்விங்களை ஒண்ணா சேர்த்துட்டேன், உங்க வார்த்தை அப்படியே இல்லைன்னா கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், மங்கூஸ்ல (மோங்கோ டேட்டாபேஸுக்கான நோட் லைப்ரரி) யூசர் ஸ்கீமா (எந்த ஃபீல்டு எப்படி இருக்கணும்னு சொல்ற அமைப்பு) எழுதி ப்ரீ சேவ் ஹூக்ல (சேவுக்கு முன்னாடி தானா ஓடற ஃபங்ஷன்) பாஸ்வேர்டை ஹேஷ் பண்றேன் (திருப்பிப் படிக்க முடியாதபடி மாத்தறேன்). சைன்அப்ல சூப்பரா வேலை செய்யுது. ஆனா பாஸ்வேர்டை மாத்துற பேஜ்ல மாத்தினா டேட்டாபேஸ்ல அடிச்ச எழுத்து அப்படியே உக்காந்திருக்கு. எரர் ஒண்ணும் வரல. ஹூக் ஏன் ஓடல?

பதில்: அந்த மாத்துற பேஜோட ரூட்டை (ரிக்வெஸ்ட் வந்ததும் ஓடற கோடு) திறந்து பாருங்க தம்பி, ஃபைண்ட்பைஐடிஅண்ட்அப்டேட் போட்டிருப்பீங்க, பந்தயம் கட்டுறேன். ப்ரீ சேவ்னா பேர்லயே இருக்கு, டாக்குமென்ட் (மோங்கோல ஒரு பதிவு) மேல சேவ் கூப்பிட்டாதான் ஓடும். ஃபைண்ட்பைஐடிஅண்ட்அப்டேட், அப்டேட்ஒன், அப்டேட்மெனி இதெல்லாம் டாக்குமென்ட்டை முதல்ல உங்க மெமரிக்குக் கொண்டு வந்து மாத்தாம நேரா மோங்கோகிட்ட "இதை இப்படி மாத்து"ன்னு சொல்லிட்டு வந்துடும், நடுவுல சேவ்னு ஒரு சமாச்சாரமே நடக்கல, அப்புறம் அதுக்கு முன்னாடி ஓட வேண்டிய ஹூக் எப்படி ஓடும்? இன்சர்ட்மெனிக்கும் இதே கதைதான். இன்னொண்ணு, அப்டேட் வழியா போனா ஸ்கீமாவுல நீங்க எழுதி வச்ச வேலிடேஷனும் தானா ஓடாது, ரன்வேலிடேட்டர்ஸ் ஆப்ஷனை ஆன் பண்ணணும். அதனால "குறைஞ்சது எட்டு எழுத்து"ன்னு போட்ட ரூலும் அந்த பேஜ்ல தூங்கிட்டுதான் இருந்திருக்கும்.

என்ன பண்ணலாம்? பாஸ்வேர்டு மாதிரி விஷயத்துக்கு ஃபைண்ட்பைஐடி போட்டு ஆளை எடுங்க, பாஸ்வேர்டை செட் பண்ணுங்க, சேவ் கூப்பிடுங்க. டேட்டாபேஸுக்கு ரெண்டு தடவை போய் வருது, லேட் ஆகாதான்னு கேப்பீங்க. ஒரு மனுஷன் எப்பவாவது ஒரு தடவை பாஸ்வேர்டு மாத்துறான், அதுல போய் மில்லிசெகண்ட் மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறீங்க. இல்ல நான் அப்டேட் வழியாதான் போவேன்னா ஃபைண்ட்ஒன்அண்ட்அப்டேட்டுக்குன்னு தனி ப்ரீ ஹூக் எழுதலாம், ஃபைண்ட்பைஐடிஅண்ட்அப்டேட்டும் அதைத்தான் தட்டி எழுப்பும். ஆனா அங்க திஸ் (ஹூக் எது மேல ஓடுதோ அது) யூசர் டாக்குமென்ட் இல்ல, க்வெரி. கெட்அப்டேட் கூப்பிட்டுதான் என்ன மாறப்போகுதுன்னு பாக்கணும், அது சில நேரம் டாலர் செட்டுக்குள்ள இருக்கும், சில நேரம் வெளியவே இருக்கும், ரெண்டையும் பாக்கணும். எனக்கு இது பிடிக்காது, ஆறு மாசம் கழிச்சு வேற ஒருத்தர் அப்டேட்ஒன் போட்டா திரும்பவும் அதே ஓட்டை.

இப்பவே ஒரு வேலை பண்ணுங்க. யூசர் கலெக்ஷனைத் திறந்து பாஸ்வேர்டு ஃபீல்டை மட்டும் கண்ணால ஓட்டிப் பாருங்க. பிகிரிப்ட்ங்கற முறையில ஹேஷ் பண்ணியிருந்தா எல்லாம் டாலர் குறியில ஆரம்பிச்சு சரியா 60 எழுத்து நீளத்துல வரிசையா நிக்கும். நடுவுல ஒண்ணு குட்டையா இருந்தா அது உங்க மாத்துற பேஜ் வழியா உள்ள வந்ததுதான். அந்த ஆளுங்களுக்கெல்லாம் ரீசெட் அனுப்பிடுங்க.

இதோட மறுபக்கத்தையும் சொல்லிடறேன், ஏன்னா இன்னொருத்தர் கேட்டிருந்தார், "போட்டோ மாத்தினதுக்கு அப்புறம் லாகின் ஆக மாட்டேங்குது"ன்னு. ஹூக்குள்ள இஸ்மாடிஃபைடு பாஸ்வேர்டுன்னு (பாஸ்வேர்டு மாறிச்சான்னு) செக் இல்லைன்னா ஒவ்வொரு சேவுக்கும் ஹேஷ் பண்ணினதையே திரும்ப ஹேஷ் பண்ணிடும். போட்டோ மாத்தினாலும் சேவ்தான், பேர் மாத்தினாலும் சேவ்தான். அவ்வளவுதான் விஷயம்.

கேள்வி: அண்ணா, ஹூக் எழுதியிருக்கேன், சேவ்தான் கூப்பிடறேன், அப்பவும் உள்ள திஸ் காலியா வருது. இன்னொரு ஹூக் சுத்தமா ஓடவே இல்ல.

பதில்: முதல்ல சொன்னது ஆரோ ஃபங்ஷன் (=> குறி போட்டு எழுதறது). மங்கூஸ் ஹூக்குள்ள திஸ் வேணும்னா பழைய ஃபங்ஷன் கீவேர்டுதான் போடணும், ஆரோவுக்குன்னு சொந்தமா திஸ் கிடையாது. ரெண்டாவது, மாடல் கம்பைல் ஆனதுக்கு அப்புறம் ஸ்கீமாவுல ஹூக் மாட்டியிருக்கீங்க. மங்கூஸ் டாட் மாடல்னு கூப்பிடற வரிக்கு மேல எல்லா ஹூக்கையும் கொண்டு வாங்க.

கேள்வி: நோட்ல (சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டற நோட்.ஜேஎஸ்) ஈவென்ட் எமிட்டர் (ஈவென்ட்டை அறிவிச்சு லிஸனர்களைக் கூப்பிடற ஆப்ஜெக்ட்) வச்சு ஆர்டர் சேவ் ஆனதும் மெயில் அனுப்பறேன். டெஸ்ட் பண்ணும்போது சரியா இருந்துச்சு. கொஞ்ச நேரம் சர்வர் ஓடினதுக்கு அப்புறம் ஒரே ஆர்டருக்கு நாலு மெயில், ஏழு மெயில்னு போகுது. கூடவே மெமரி லீக் இருக்கலாம்னு ஒரு வார்னிங். செட்மேக்ஸ்லிஸனர்ஸ் சைபர்னு போட்டா வார்னிங் போயிடுதுன்னு படிச்சேன், போட்டுடலாமா?

பதில்: போடாதீங்க போடாதீங்க. வீட்ல புகை அலாரம் அடிக்குதுன்னு பேட்டரியைக் கழட்டற மாதிரி அது.

நீங்க லிஸனர் மாட்டற வரி எங்க இருக்குன்னு பாருங்க, ரூட் ஹேண்ட்லருக்குள்ள இருக்கும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட் வரும்போதும் அந்த வரி ஓடும், ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு லிஸனர் சேரும், பழசு எதுவும் போகாது. முதல் ஆர்டருக்கு ஒரு மெயில், ரெண்டாவதுக்கு ரெண்டு, மூணாவதுக்கு மூணு. டெஸ்ட்ல ஒரே ஒரு ஆர்டர் போட்டுப் பாத்திருப்பீங்க, அதான் தெரியல. எமிட்டர்ல ஒரு ஈவென்ட்டுக்கு 10 லிஸனர் வரைக்கும் நோட் சும்மா இருக்கும், 11வது சேரும்போது வார்னிங் குடுக்கும், அதுவும் ஒரே ஒரு தடவைதான். அப்புறம் ஆயிரம் சேர்ந்தாலும் பேசாது. அதனால லாக்ல அந்த ஒரு வரியைப் பாத்தா பாக்காத மாதிரி போயிடாதீங்க. நோடை ட்ரேஸ் வார்னிங்ஸ் ஃபிளாக் போட்டு ஓட்டினா எந்த ஃபைல் எந்த வரியில 11வது லிஸனர் சேர்ந்துச்சுன்னு ஸ்டேக்கோட காட்டும்.

சரி பண்றது சுலபம், லிஸனர் மாட்டறதை ரூட்டுக்கு வெளிய, சர்வர் கிளம்பும்போது ஒரு தடவை மட்டும் ஓடற இடத்துக்குத் தூக்கிடுங்க. ரூட்டுக்குள்ள எமிட் மட்டும் இருக்கட்டும். செக் பண்ண லிஸனர்கவுன்ட்டை ஒரு லாக் போட்டுப் பாருங்க, பத்து ஆர்டர் போட்டாலும் அது ஒண்ணுலயே நிக்கணும்.

ப்ரவுசர்ல பழகிட்டு நோடுக்கு வர்றவங்க இதுல நிறைய விழறாங்க, அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. ப்ரவுசர்ல அதே ஃபங்ஷனை அதே ஈவென்ட்டுக்கு ரெண்டு தடவை ஆட்ஈவென்ட்லிஸனர் பண்ணினா ரெண்டாவதைக் கண்டுக்காம விட்டுடும். நோட் எமிட்டர் அப்படி இல்ல, அதே ஃபங்ஷனா இருந்தாலும் எத்தனை தடவை சொல்றீங்களோ அத்தனை தடவை சேத்துக்கும், அத்தனை தடவை கூப்பிடும்.

கேள்வி: ஆர்டர் டேபிள்ல ரோ இருக்கு, பணமும் வந்துடுச்சு, ஆனா யூசருக்கு 500 எரர் போயிருக்கு, அவர் திரும்ப ஆர்டர் போட்டுட்டார். எமிட் பண்ணினா பேக்ரவுண்ட்ல தானே ஓடும், அது எப்படி ரெஸ்பான்ஸைக் கெடுக்கும்?

பதில்: பேக்ரவுண்ட்ல ஓடாதுங்க. ஈவென்ட்னு பேர் இருக்கறதால எல்லாரும் அப்படியே நினைக்கறாங்க, ஆனா எமிட்ங்கறது சாதாரண ஃபங்ஷன் கால் தான். மாட்டின வரிசையில ஒவ்வொரு லிஸனரையும் அங்கயே நின்னு கூப்பிட்டு முடிச்சுட்டுதான் அடுத்த வரிக்கு வரும். நடுவுல ஒரு லிஸனர் எரர் எறிஞ்சா அது நேரா எமிட் பண்ணின உங்க ரூட்டுக்குள்ளதான் வந்து விழும், மிச்சம் இருக்கற லிஸனர்களும் ஓடாது. இன்வாய்ஸ் நம்பர் போடற லிஸனர் கவுந்துச்சுன்னா அதுக்குப் பின்னாடி இருந்த மெயில் லிஸனரும் போச்சு, ஆர்டர் மட்டும் முன்னாடியே சேவ் ஆகி பத்திரமா உக்காந்திருக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

சரி லிஸனரை அசிங்க் ஆக்கிடறேன்னு கிளம்பாதீங்க, அது வேற வம்பு. அசிங்க் லிஸனர் ஒரு ப்ராமிஸை (முடிவு பின்னாடி வரும்னு ஒரு வாக்கு) திருப்பிக் குடுக்கும், எமிட் அதைக் கையில வாங்கவே வாங்காது. உள்ள எரர் வந்தா பிடிக்க ஆள் இல்லாத ரிஜெக்ஷனா சுத்தும், நோட் 15லேர்ந்து அப்படி ஒண்ணு வந்தா ப்ராசஸே விழுந்துடும். முன்னாடி ஒரு யூசருக்கு 500 போச்சு, இப்ப அந்த நேரம் சர்வர்ல இருந்த எல்லாருக்கும் கனெக்ஷன் கட். எமிட்டர் உருவாக்கும்போது கேப்சர்ரிஜெக்ஷன்ஸ் ஆன் பண்ணினா அந்த ரிஜெக்ஷன் எரர் ஈவென்ட்டா வரும், ஆனா எரர் ஈவென்ட்டுக்குன்னு ஒரு லிஸனர் மாட்டியிருக்கணும், இல்லைன்னா எரர் ஈவென்ட்டே எக்ஸெப்ஷனா வெடிக்கும். நான் என்ன சொல்வேன்னா ஒவ்வொரு அசிங்க் லிஸனருக்குள்ளயும் அதுக்குன்னு ட்ரை கேட்ச் இருக்கட்டும், எரரை லாக் பண்ணிட்டு அங்கயே முடியட்டும். பாக்க அழகா இருக்காதுதான், ஆனா ராத்திரி தூக்கம் வரும்.

கேள்வி: சீக்வலைஸ்ல (எஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கான நோட் லைப்ரரி) ஆஃப்டர்கிரியேட் ஹூக்ல க்யூவுக்கு (வேலைகளை வரிசையா வைக்கற இடம்) ஆர்டர் ஐடியை அனுப்பறேன். ஒர்க்கர் (க்யூவுல இருக்கறதை எடுத்துச் செய்யற தனி ப்ரோக்ராம்) அந்த ஐடியை எடுத்துத் தேடினா "அப்படி ஒரு ஆர்டரே இல்ல"ன்னு வருது. நான் போய் பாத்தா ரோ இருக்கு. சில நேரம் நிஜமாவே இல்ல. பேய் ஏதாவதா?

பதில்: பேய் இல்ல, ட்ரான்ஸாக்ஷன் (பல மாற்றங்களை ஒண்ணா கட்டி, பதிஞ்சா எல்லாம், இல்லைன்னா எதுவும் இல்லன்னு வைக்கறது). இந்தக் கேள்விக்குதான் இந்த தடவை நான் அதிக நேரம் ஒதுக்கினேன், ஏன்னா இது தெரியாம ஓடிட்டிருக்கற சிஸ்டம் எக்கச்சக்கம்.

ஆஃப்டர்கிரியேட்னா "இன்சர்ட் ஓடி முடிஞ்சுது"ன்னு மட்டும்தான் அர்த்தம், கமிட் ஆச்சுன்னு (நிரந்தரமா பதிஞ்சுதுன்னு) அர்த்தம் இல்ல. ட்ரான்ஸாக்ஷனுக்குள்ள இன்சர்ட் பண்ணின ரோ கமிட் ஆகற வரைக்கும் உங்க கனெக்ஷனுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க ஹூக்ல ஐடியை க்யூவுல போட்டுட்டீங்க, ஒர்க்கர் சும்மா உக்காந்திருந்ததால உடனே எடுத்துடுச்சு, தேடுது, அதோட கனெக்ஷனுக்கு அந்த ரோ இன்னும் கண்ணுக்கே தெரியல. கொஞ்ச நேரத்துல கமிட் ஆயிடும், நீங்க போய் பாக்கும்போது ரோ அங்க இருக்கும். இது முதல் வகை. ரெண்டாவது வகையில ஆர்டர் இன்சர்ட் ஆகி, ஹூக் ஓடி, க்யூவுக்கு ஐடி போய், அதுக்கப்புறம் ஸ்டாக் குறைக்கற வரியில எரர் வந்து எல்லாம் ரோல்பேக் (ரத்து). ரோ போயிடுச்சு, ஆனா க்யூவுக்குப் போன மெசேஜை யார் ரோல்பேக் பண்றது? டேட்டாபேஸுக்கு அப்படி ஒரு க்யூ இருக்கறதே தெரியாது.

முதல் மருந்து, ஹூக்ல உள்ள வர்ற ஆப்ஷன்ஸ்ல ட்ரான்ஸாக்ஷன் இருக்கும், அதோட ஆஃப்டர்கமிட்ல உங்க வேலையைக் குடுங்க. கமிட் ஆனா ஓடும், ரோல்பேக் ஆனா ஓடாது. ட்ரான்ஸாக்ஷன் இல்லாம கூப்பிட்ட இடத்துல அது இருக்காது, அதையும் ஒரு இஃப் போட்டு கவனிச்சுக்கோங்க. முக்கால்வாசி பேருக்கு இதுவே போதும்.

போதாத இடம் ஒண்ணு இருக்கு. கமிட் ஆச்சு, ஆஃப்டர்கமிட் ஓட வேண்டிய அந்த நொடியில சர்வர் விழுந்துடுச்சு. இப்ப ரோ இருக்கு, மெசேஜ் போகல, போகலைன்னு எங்கயும் பதிவும் இல்ல. பணம் சம்பந்தப்பட்ட வேலைன்னா இதை விட முடியாது. அதுக்குதான் அவுட்பாக்ஸ்னு ஒரு முறை. அனுப்ப வேண்டிய செய்தியை க்யூவுக்கு அனுப்பாதீங்க, அதே டேட்டாபேஸ்ல அவுட்பாக்ஸ்னு ஒரு டேபிள் வச்சு, ஆர்டர் இன்சர்ட் ஆகற அதே ட்ரான்ஸாக்ஷன்ல அங்கயும் ஒரு ரோ போடுங்க. கமிட் ஆனா ரெண்டும் இருக்கும், ஆகலைன்னா ரெண்டும் இருக்காது, நடுவுல ஒரு நிலைமை கிடையாது. தனியா ஒரு ஒர்க்கர் அந்த டேபிளைப் படிச்சு க்யூவுக்கு அனுப்பிட்டு "அனுப்பியாச்சு"ன்னு குறிச்சுக்கட்டும். அது அனுப்பிட்டு குறிக்கறதுக்கு முன்னாடி விழுந்தா? திரும்ப எழுந்து அதையே இன்னொரு தடவை அனுப்பும். அதனால வாங்கிக்கற பக்கம் ஒரே செய்தி ரெண்டு தடவை வந்தாலும் ரெண்டு தடவை வேலை செய்யாத மாதிரி எழுதியிருக்கணும், செய்திக்கு ஒரு ஐடி குடுத்து அதை யூனிக்கா சேவ் பண்ணிட்டா முடிஞ்சுது.

இன்னொரு சின்ன விஷயம், மாடல் டாட் அப்டேட், பல்க்கிரியேட் இதுல எல்லாம் சீக்வலைஸ் தனித்தனி ஹூக்கை ஓட்டாது, பல்க் ஹூக் மட்டும்தான் ஓடும். இன்டிவிஜுவல்ஹூக்ஸ் ட்ரூன்னு குடுத்தா ஓட்டும், ஆனா அப்டேட்ல அதுக்காக பொருந்தற ரோவையெல்லாம் மெமரிக்கு இழுக்கும். லட்சம் ரோ அப்டேட்ல இதை ஆன் பண்ணிட்டு சர்வர் ஏன் தொங்குதுன்னு அடுத்த இதழுக்கு எழுதாதீங்க.

கேள்வி: அப்ப மாடல் ஹூக்கே வேணாம்ங்கறீங்களா?

பதில்: அந்த ஒரு ரோவோட நின்னுடற வேலைன்னா தாராளமா வைங்க. ஈமெயிலை சின்ன எழுத்தாக்கறது, ஸ்லக் (யுஆர்எல்லுக்கான சின்ன பேர்) போடறது, பாஸ்வேர்டு ஹேஷ். வெளிய கை நீட்டற வேலை, அதாவது மெயில், எஸ்எம்எஸ், பேமென்ட், இன்னொரு சர்வீஸைக் கூப்பிடறது, இதையெல்லாம் "ப்ளேஸ் ஆர்டர்"னு பேர் வச்ச ஒரு ஃபங்ஷன்ல வரிசையா எழுதுங்க, படிக்கறவனுக்கு என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும். ஹூக்ல ஒளிச்சு வச்சா ஒரு நாள் யாரோ பழைய டேட்டாவை இம்போர்ட் பண்ண ஸ்கிரிப்ட் ஓட்டுவாங்க, எல்லா பழைய கஸ்டமருக்கும் "வெல்கம்"னு மெயில் போகும்.

கேள்வி: ரிமூவ்ஈவென்ட்லிஸனர் போட்டும் லிஸனர் போகல.

பதில்: மாட்டும்போதும் கழட்டும்போதும் தனித்தனியா பைண்ட் (திஸ் எதுன்னு நிலையா வச்சு புது ஃபங்ஷன் குடுக்கறது) போட்டிருப்பீங்க, இல்ல ரெண்டு இடத்துலயும் ஆரோவை அங்கயே எழுதியிருப்பீங்க. பாக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் அது ரெண்டு வேற ஃபங்ஷன். ஒரு வேரியபிள்ல வச்சு ரெண்டுக்கும் அதையே குடுங்க. நிறைய லிஸனர் இருந்தா அபார்ட்கன்ட்ரோலர் ஒண்ணு உருவாக்கி எல்லாத்துக்கும் அதோட சிக்னலைக் குடுத்துடுங்க, கடைசியில ஒரே ஒரு அபார்ட், எல்லாம் கழண்டுடும்.

கேள்வி: இன்டெக்ஸ்டுடிபில (ப்ரவுசருக்குள்ளயே இருக்கற டேட்டாபேஸ்) ட்ரான்ஸாக்ஷன் திறந்து, சர்வர்லேர்ந்து ஃபெட்ச் பண்ணி, புட் பண்ணினா ட்ரான்ஸாக்ஷன் இன்ஆக்டிவ்னு எரர். அதோட வெர்ஷன் நம்பர் ஏத்தினதும் சில யூசருக்கு ஆப் திறக்கவே மாட்டேங்குது.

பதில்: இன்டெக்ஸ்டுடிபி ட்ரான்ஸாக்ஷனுக்குப் பொறுமை கிடையாதுங்க. அதுகிட்ட வேலை ஏதும் பாக்கி இல்லைன்னா தானா கமிட் ஆகி மூடிக்கும், நீங்க ஃபெட்ச்சுக்கு அவெய்ட்ல நிக்கறது அதுக்கு வேலை இல்ல. முதல்ல ஃபெட்ச்சை முடிச்சுக்கோங்க, அப்புறம் திறந்து மடமடன்னு புட் பண்ணுங்க.

ரெண்டாவது, அந்த யூசர் உங்க ஆப்பை ரெண்டு டேப்ல திறந்து வச்சிருப்பார். பழைய டேப் பழைய வெர்ஷனைப் பிடிச்சிட்டிருக்கற வரைக்கும் புது டேப்ல அப்கிரேட் நடக்காது. பழைய கனெக்ஷனுக்கு வெர்ஷன்சேஞ்ச்னு ஈவென்ட் வரும், அதுல க்ளோஸ் பண்ணிட்டு "பேஜை ரீலோட் பண்ணுங்க"ன்னு ஒரு வரி காட்டுங்க. புது பக்கம் ப்ளாக்டு ஈவென்ட்ல "இன்னொரு டேபை மூடுங்க"ன்னு சொல்லுங்க. இதுல வெர்ஷன்சேஞ்ச் லிஸனரை முதல் வெர்ஷன்லயே போட்டுடணும், ஏன்னா பழைய டேப்ல ஓடறது பழைய கோடு, இன்னைக்கு நீங்க எழுதறது அங்க போய் சேராது.

கேள்வி: எங்க டேட்டாபேஸை வேற ஒரு டீமோட ஸ்கிரிப்ட்டும் மாத்துது. எங்க ஹூக்குக்கு அது எப்படி தெரியும்?

பதில்: தெரியவே தெரியாது. ஹூக் உங்க ப்ராசஸுக்குள்ள நடக்கறதை மட்டும்தான் பாக்கும், இன்னொரு சர்வர்ல ஓடற உங்களோட அதே ஆப் மாத்தினாக்கூட இங்க இருக்கற எமிட்டருக்குத் தெரியாது. டேட்டாபேஸே சொன்னாதான் உண்டு.

போஸ்ட்கிரெஸ்னா டேபிள்ல ஒரு ட்ரிகர் (ரோ மாறினதும் டேட்டாபேஸே ஓட்டற கோடு) வச்சு நோட்டிஃபை பண்ணலாம், நோட் பக்கம் லிஸன் போட்டுட்டு நோட்டிஃபிகேஷன் ஈவென்ட்டுக்குக் காத்திருக்கலாம். கமிட் ஆனாதான் நோட்டிஃபை வெளிய வரும், அந்த வகையில நல்லவன். ஆனா ஒரு செய்தி 8000 பைட்டுக்குள்ள இருக்கணும், அதனால முழு ரோவை அனுப்பாம ஐடியை மட்டும் அனுப்புங்க. லிஸன் பண்றதுக்குன்னு தனி கனெக்ஷன் வச்சுக்கோங்க, பூல்லேர்ந்து (எல்லாரும் மாத்தி மாத்தி எடுத்துக்கற கனெக்ஷன் கூட்டம்) எடுத்துத் திருப்பிக் குடுத்துட்டா வேலைக்கு ஆகாது. உங்க கனெக்ஷன் அறுந்திருந்த நேரத்துல போன செய்தி போனதுதான், திரும்ப வராது. அதனால கனெக்ட் ஆனதும் ஒரு தடவை டேபிளைப் பாத்து விட்டதைப் பிடிச்சுக்கணும்.

மோங்கோன்னா சேஞ்ச் ஸ்ட்ரீம் (மாற்றங்களை ஒவ்வொண்ணா சொல்ற வசதி), 3.6 வெர்ஷன்லேர்ந்து இருக்கு, மங்கூஸ்ல மாடல் டாட் வாட்ச். தனி சர்வரா ஓட்டினா வேலை செய்யாது, ரெப்ளிகா செட் (ஒரே டேட்டாவை வச்சிருக்கற சர்வர் கூட்டம்) வேணும், உங்க லேப்டாப்ல ஒரே ஒரு மோங்கோ ப்ராசஸ் வச்சே ரெப்ளிகா செட்டா கிளப்பிக்கலாம். இதுல ஒவ்வொரு செய்தியோடயும் ரெஸ்யூம் டோக்கன் வரும், அதை சேவ் பண்ணி வச்சா விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம், ஆனா ரொம்ப நாள் கழிச்சு வந்தா ஆப்லாக்ல (மோங்கோ மாற்றங்களைக் குறிச்சு வைக்கற பதிவேடு) அந்த இடமே அழிஞ்சு போயிருக்கும்.

கேள்வி: பேக்போன்ல (ப்ரவுசர் ஆப் எழுதற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) எழுதின பழைய ப்ராஜெக்ட் கையில வந்திருக்கு. மாடல்ல டேக்ஸ் அரேல ஒண்ணு புஷ் பண்ணி செட் பண்றேன், சேஞ்ச் ஈவென்ட் வரல. நோட் பக்கம் மங்கூஸ்ல மிக்ஸ்டு ஃபீல்டு (எந்த வடிவ டேட்டாவும் வைக்கலாம்னு விட்டது) ஒண்ணை மாத்தி சேவ் பண்ணினா டேட்டாபேஸ்ல மாறல. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, நல்லா கவனிச்சிருக்கீங்கம்மா. பேக்போன் செட் பண்ணும்போது பழசும் புதுசும் ஒண்ணான்னு பாக்கும். நீங்க உள்ள இருந்த அதே அரேயை வாங்கி அதுலயே புஷ் பண்ணிட்டீங்க, இப்ப பழசும் புதுசும் அதே அரே, வித்தியாசம் எங்க இருக்கு? காப்பி எடுத்து சேத்து செட் பண்ணுங்க, ஈவென்ட் வரும். மங்கூஸ்ல மிக்ஸ்டு ஃபீல்டுக்குள்ள நடக்கற மாற்றத்தை அது கவனிக்கறதே இல்ல, மார்க்மாடிஃபைடு கூப்பிட்டு ஃபீல்டு பேரைச் சொல்லணும், இல்ல புது ஆப்ஜெக்ட்டாவே வச்சுடணும்.

அந்த பழைய ப்ராஜெக்ட்ல இன்னொண்ணும் பாருங்க, வியூவுக்குள்ள (ஸ்க்ரீன்ல காட்டற பகுதி) மாடல் டாட் ஆன்னு மாட்டியிருந்தா வியூவை அழிச்சாலும் மாடல் அதைப் பிடிச்சே வச்சிருக்கும், ஸ்க்ரீன்ல இல்லாத வியூ பின்னாடி ரெண்டர் ஆகிட்டே இருக்கும். லிஸன்டூன்னு மாத்திடுங்க, வியூவோட ரிமூவ் கூப்பிட்டதும் தானா கழண்டுக்கும். லிஸன்டூ 0.9.9 வெர்ஷன்லதான் வந்துச்சு, ப்ராஜெக்ட்ல இருக்கறது அதுக்கும் பழசுன்னா முதல்ல வெர்ஷனை ஏத்துங்க.